ஜனவரிப் பிள்ளையை இந்த வருடம் பள்ளிக்கூடம் அனுப்புவதா, ஒரு வருடம் வைத்திருப்பதா? கொழும்பில் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் பதினெட்டு வருடமாக ஒரு சின்ன முன்பள்ளி நடத்துகிறேன். தரம் ஒன்றுக்கான விண்ணப்பக் காலம் நெருங்கியதும், பிள்ளையைக் கூட்டிப் போக வரும் தாய்மார் கேற்றடியில் கொஞ்சம் பிந்தி நிற்பார்கள். மற்றவர்கள் போன பிறகு மெதுவாகக் கேட்பார்கள்: "மிஸ், இவனை ஒரு வருஷம் வைச்சிருப்பமா?" கேட்பவர்களில் பாதிக்கு மேல் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர். என் மகனும் ஜனவரி 26இல் பிறந்தவன்தான். அதனால் இந்த விஷயத்தில் நான் நடுநிலை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

எந்த வயதில் தரம் ஒன்றில் சேர்க்க வேண்டும்?

சேரும் வருடத்தின் ஜனவரி 31ஆம் திகதி ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். 2027இல் சேர்வதென்றால், 2021 பெப்ரவரி 1 முதல் 2022 ஜனவரி 31 வரை பிறந்தவர்கள். ஒரே வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஆறு வயது ஆகப்போகும், பக்கத்துக் கதிரையில் இருப்பதற்கு ஐந்து முடிந்து நாலு நாள்தான் ஆகியிருக்கும். இந்தப் பக்கத்தில் வரும் எல்லாக் கேள்விகளும் இந்த இடைவெளியிலிருந்துதான் பிறக்கின்றன.

கட்டாயக் கல்விச் சட்டமும் ஐந்து வயதிலிருந்துதான் தொடங்குகிறது. முன்பு 14 வயது வரை இருந்தது, 2016இலிருந்து 16 வரை.

இந்த வருடம் விட்டுவிட்டு அடுத்த வருடம் விண்ணப்பிக்கலாம்தானே?

விண்ணப்பிக்கலாம். ஆனால் எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பதைப் பாருங்கள். அரச பாடசாலைச் சுற்றுநிருபத்தின்படி ஐந்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்குத்தான் முதலிடம். ஆறைத் தாண்டிய பிள்ளையை, அவர்களை எடுத்து முடித்து இடம் மிஞ்சினால்தான் கவனிப்பார்கள். 2022 ஜனவரி 20இல் பிறந்த பிள்ளையை 2028 வரை வைத்திருந்தால், அந்த ஜனவரி 31இல் அவளுக்கு ஆறு வயதும் பதினொரு நாளும். அந்தப் பதினொரு நாளால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவாள். பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ எல்லோரும் முண்டியடிக்கும் ஒரு பாடசாலையில் இடம் மிஞ்சும் என்று நம்பி ஒரு வருடத்தைப் பணயம் வைக்க நான் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் குறைவாக உள்ள பாடசாலை என்றால் கதை வேறு. அங்கே அதிபரே சந்தோஷமாக எடுப்பார்.

இதில் இன்னொரு கணக்குப் போடும் ஆட்களும் இருக்கிறார்கள். ஐம்பது வீதம் இடம் அருகில் வசிப்பவர்களுக்கு, 25 வீதம் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு, 15 வீதம் அதே பாடசாலையில் படிப்பவர்களின் சகோதரங்களுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறது. அருகில் வசிப்போர் பிரிவில் வாக்காளர் இடாப்பில் ஐந்து வருடப் பெயர்ப் பதிவுக்குப் புள்ளி உண்டு. வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடையில் இருக்கும் ஒவ்வொரு பாடசாலைக்கும் புள்ளி குறையும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நாலு வருடம் ஆன ஒரு தகப்பன், "ஒரு வருஷம் பொறுத்தால் இடாப்பில் ஐந்து முழுசா வந்திடும் மிஸ்" என்றார். கணக்குச் சரிதான். ஆனால் அவருடைய மகள் டிசம்பர்ப் பிள்ளை. இடாப்பு நிறையும் நேரத்தில் பிள்ளையின் வயது எல்லையைத் தாண்டிவிடும். அதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

பெப்ரவரி, மார்ச்சில் பிறந்த பிள்ளைகளின் பெற்றோர் இதைப்பற்றி யோசிக்கவே தேவையில்லை. அவர்கள் வகுப்பிலேயே மூத்தவர்கள்.

விண்ணப்பிக்கும்போது பிள்ளைக்கு நாலரை வயதுதானே. இப்போதே எப்படி முடிவெடுப்பது?

எடுக்க வேண்டாம். விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள். பிறப்புச் சான்றிதழ், இடாப்புப் பிரதி, காணி உறுதியோ வாடகை ஒப்பந்தமோ, கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் எப்படியும் தேடத்தான் வேண்டும். விண்ணப்பித்ததால் அனுப்பியே ஆகவேண்டும் என்றில்லை. விண்ணப்பிக்காமல் விட்டால் திரும்பக் கேட்கத்தான் வழியில்லை. நாலரை வயதுப் பிள்ளைக்கு ஆறு மாதம் என்பது பெரிய காலம். ஜூனில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை, நவம்பரில் கலைவிழா மேடையில் மைக்கை விடமாட்டேன் என்று அழுததைப் பார்த்திருக்கிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, "அங்கே எல்லாம் ஆறு வயதில்தான் முதலாம் வகுப்பு, ஏன் அவசரப்படுகிறாய்?" என்கிறார். உண்மையா?

உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. ஒன்ராறியோவில் பிள்ளை ஆறு வயதை அடையும் வருடத்தில் முதலாம் வகுப்புப் போகிறது. அதற்கு முன் இரண்டு வருடம் அதே பாடசாலைக் கட்டடத்தில், அரசாங்கச் செலவில், கிண்டர்கார்ட்டன் இருக்கிறது. நாலு வயதாகும் வருடத்திலேயே தொடங்கிவிடலாம். லண்டனில் நாலு வயது முடிந்து வரும் செப்டம்பரில் ரிசெப்ஷன் என்ற ஆரம்ப வகுப்பு. ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் முடிய பிறந்தவர்களை ஒரு வருடம் பிந்தி அனுப்பக் கேட்க அங்கே பெற்றோருக்கு வழி உண்டு. பின்லாந்தில் ஏழு வயதில்தான் பள்ளிக்கூடம் என்று வட்ஸ்அப்பில் வருவதும் சரி. ஆனால் ஆறு வயதில் ஒரு வருட முன்தொடக்கக் கல்வி அங்கே கட்டாயம் என்பதை அந்தச் செய்தியை அனுப்புபவர்கள் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவில் இப்படிப் பிந்தி அனுப்புவதை 'ரெட்ஷேர்ட்டிங்' என்கிறார்கள். கல்லூரி விளையாட்டில் ஒரு வீரனை ஒரு பருவம் போட்டியில் இறக்காமல் பயிற்சி மட்டும் கொடுத்து வளர்ப்பதிலிருந்து வந்த பெயர். அங்கே பிந்துவது கிண்டர்கார்ட்டனைத்தான்: ஐந்துக்குப் பதில் ஆறில் போகிறார்கள். நம்முடைய தரம் ஒன்று வயதில் அவர்களின் கிண்டர்கார்ட்டனுக்குச் சமம். ஆகவே அண்ணாவின் பிள்ளை ஐந்து வயதில் வீட்டில் இருக்கவில்லை. பெயர் வேறாக இருந்த ஒரு வகுப்பில் இருந்தது.

அப்படியானால் ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன?

வகுப்பில் வயது குறைந்த பிள்ளைகள் ஆரம்பத்தில் பின்தங்கித் தெரிவார்கள் என்பதில் பல நாட்டு ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. அதில் ஆச்சரியம் என்ன? ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு. பத்து வயதில் அது பத்தில் ஒன்றாகிறது. பிள்ளை வளர வளர இடைவெளியும் சுருங்குகிறது. நோர்வேயில் பெரிய அளவில் பார்த்தபோது, பள்ளி தொடங்கிய வயதால் பிற்காலத்துக்கு வந்த வித்தியாசம் சிறியதாகவே இருந்தது. டென்மார்க்கில், பிந்தித் தொடங்கிய பிள்ளைகளிடம் கவனச் சிதறலும் துருதுருப்பும் குறைந்திருந்ததாக 2015இல் ஓர் ஆய்வு வந்தது. பிந்தி அனுப்ப விரும்புகிறவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். நானும் அதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் டென்மார்க்கில் பிந்திய பிள்ளைக்குக் கிடைப்பது ஓடியாட இடமுள்ள, அரச உதவி பெறும் ஒரு நல்ல பாலர் கூடம். தெஹிவளையில் நாலாம் மாடி ஃபிளாட்டில் டேப்லெட்டோடு ஒரு வருடம் இருப்பதற்கு அந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

மகன் ஒரு இடத்தில் இருக்கமாட்டான். ஏ.டி.எச்.டி.யோ (கவனக் குறைவும் மிகைத் துருதுருப்பும் உள்ள நிலை) என்று பயமாக இருக்கிறது. அதனால் வைத்திருக்கலாமா?

முதலில் அவனுடைய பிறந்த மாதத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் செப்டம்பர் 1 எல்லைத் திகதியாக உள்ள மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த (அதாவது வகுப்பில் ஆகச் சின்ன) பிள்ளைகளுக்கு ஏ.டி.எச்.டி. என்று சொல்லப்படுவது செப்டம்பர்ப் பிள்ளைகளை விட 34 வீதம் அதிகம் என்று 2018இல் ஒரு மருத்துவ ஆய்வு காட்டியது. ஒரு மாத வித்தியாசத்தில் நோய் அவ்வளவு கூடாது. ஆறு வயதுப் பிள்ளையோடு ஐந்து வயதுப் பிள்ளையை ஒப்பிட்டதில் வந்த கூடுதல் அது.

என் மகன் 2017இல் தரம் ஒன்றுக்குப் போனான். இரண்டாம் மாதமே வகுப்பாசிரியை கூப்பிட்டு, "இவருக்குக் கவனமே இல்லை, டொக்டரிடம் காட்டுங்கள்" என்றார். முன்பள்ளி நடத்துகிறவள் நான். எனக்கே இப்படியா என்று வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவன் கொப்பியையும் அவன் நண்பனின் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நண்பன் இவனுக்கு முந்திய வருட மார்ச்சில் பிறந்தவன். பத்து மாதம் மூத்தவனின் எழுத்து அப்படித்தான் இருக்கும். அன்று இரவு, அனுப்பியது பிழையோ என்று நானும் அவரும் சண்டை பிடித்தோம். தரம் மூன்று வரை அவனுக்குச் சிரமமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பிறகு எப்போது சரியானான் என்று திகதி சொல்லத் தெரியாது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, அவன் சோபாவில் படுத்தபடி தானாகக் கதைப் புத்தகம் வாசிப்பதைப் பார்த்தபோதுதான், இவன் பின்தங்கியவன் என்று நான் நினைப்பதை விட்டு ரொம்ப நாளாகிவிட்டதே என்று தோன்றியது.

சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படும். அதற்கும் விடை வைத்திருப்பது அல்ல, டொக்டரிடம் காட்டுவது. ஒரு வருடம் சும்மா கடந்தால் உதவியும் ஒரு வருடம் பிந்தும்.

இன்னும் 'அ' கூட ஒழுங்காக எழுத வராது. போய் என்ன செய்வான்?

தரம் ஒன்றில் 'அ' எழுதச் சொல்லித் தருவார்கள். தரம் 1, 2 சேர்ந்த முதன்மை நிலை ஒன்றில் விளையாட்டுக்குத்தான் முதலிடம், மேசை வேலை குறைவு என்றுதான் 1998 கல்விச் சீர்திருத்தத்திலிருந்து பாடத்திட்டமே இருக்கிறது. 11.30க்கு விட்டும் விடுவார்கள். நடைமுறையில் எல்லா வகுப்பும் அப்படியில்லை என்பது எனக்கும் தெரியும். முன்பள்ளியிலேயே 247 எழுத்தையும் முடித்துத் தரச் சொல்லி என்னிடம் கேட்கும் பெற்றோரும் அதற்கு ஒரு காரணம்.

எழுத்தைவிட நான் பார்ப்பது வேறு விஷயங்கள். சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைத் தானே திறப்பானா? கக்கூசுக்குப் போனால் தானே கழுவிக்கொள்வானா? "மிஸ், ஒண்டுக்குப் போகணும்" என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்ல வாய் வருமா? முப்பத்தைந்து நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதைக் கேட்காமலே புரிந்துகொள்ள ஆசிரியைக்கு நேரம் இல்லை. இவற்றைப் பழக்க ஒரு வருடம் தேவையில்லை. டிசம்பர் விடுமுறை போதும், அம்மம்மா குறுக்கே வராவிட்டால்.

இங்கிலீஷ் மொண்டிசூரியில் படித்தாள். தமிழ் மொழி மூலம் போகிறாள். தமிழ் பிடிபட ஒரு வருடம் கொடுத்தால் என்ன?

வீட்டில் தமிழ் பேசுகிறீர்களா? அப்படியானால் பிடிபடும், பயப்படாதீர்கள். வீட்டிலும் இங்கிலீஷ்தான் என்றால், இன்னொரு வருடம் அதே மொண்டிசூரியில் இருந்தாலும் தமிழ் வராது. இன்றைக்கே பேசத் தொடங்குங்கள்.

எந்தப் பிள்ளைக்குப் பிந்துவது நியாயம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

பதினெட்டு வருடத்தில் நானாகவே "வைத்திருங்கள்" என்று சொன்னது மிகச் சிலருக்குத்தான். மாதம் முந்திப் பிறந்தவர்கள் முதல் வகை. மார்ச் கடைசியில் பிறக்க வேண்டிய பிள்ளை ஜனவரி 24இல் பிறந்து, எட்டு வாரம் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வந்தது. உரிய நாளில் பிறந்திருந்தால் அடுத்த வருடப் பிள்ளை. பிறப்புச் சான்றிதழுக்கு அது தெரியாது, தாய்க்குத் தெரியும். அந்தப் பிள்ளையை வைத்திருந்தார்கள், பிள்ளைகள் குறைந்த ஒரு சின்னப் பாடசாலையில் சேர்த்தார்கள், நன்றாக இருக்கிறாள்.

அடுத்தது, நீண்ட சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகள். பேச்சு வராத பிள்ளையைப் பற்றி நான் தனியாக முடிவு சொல்வதில்லை. காதைச் சோதித்தீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். கிளினிக் கார்டை எடுத்துக்கொண்டு உங்கள் குடும்ப நல மாதுவிடம் காட்டுங்கள். ஐந்து வயது ஊசிக்கு எப்படியும் போக வேண்டும், அப்போது கேட்கலாம். பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது, ராகமையில் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான அயதி நிலையம் இருக்கிறது. அங்கே சொல்வதைக் கேட்டு முடிவெடுங்கள். பேச்சுச் சிகிச்சை நடக்கும் ஒரு வருடமென்றால் அதற்கு அர்த்தம் உண்டு. "தானா வரும், இவன்ட அப்பாவும் பிந்தித்தான் பேசினவர்" என்று காத்திருக்கும் வருடம் வேறு.

புலமைப்பரிசில் பரீட்சையில் ஒரு வயது கூடினால் நல்லதுதானே?

அந்தப் பரீட்சைக்கும் வயதெல்லை உண்டு. அறிவித்தலில் உங்கள் பிள்ளையின் திகதியோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் வாழ்க்கையைத் தரம் ஐந்துப் பரீட்சைக்காகத் திட்டமிடுவதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, இங்கே எழுதினால் பக்கம் போதாது. பரீட்சை எப்போது நடக்கும் என்பதே நம் கையில் இல்லை. என் மகனுடைய வருடத்துக்கு 2021 பரீட்சை 2022 ஜனவரியில் நடந்தது. பிறந்த நாளுக்கு நாலு நாள் முன்.

பிறகு ஏ.எல். வரைக்கும் அந்த ஒரு வருடம் இழுபடுமா?

இழுபடும். பதினாறில் ஓ.எல். எழுதுபவன் பதினேழில் எழுதுவான். ஏ.எல்.லில் செகண்ட் ஷை (இரண்டாம் தடவை எழுதுவது) என்று வந்தால் இன்னொரு வருடம். பிறகு பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பது. இருபத்தொன்றில் முதலாம் வருடத்துக்குப் போகும் பிள்ளைகள் இங்கே புதினமில்லை. இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், ஆனால் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெஷனல் ஸ்கூலுக்கு இந்த விதிகள் பொருந்துமா?

இல்லை. அவை கம்பெனிகளாகப் பதிவானவை, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் எல்லைத் திகதி வைத்திருக்கிறது. பல இடங்களில் வருடம் செப்டம்பரில் தொடங்கும். அங்கே பிந்துவது லேசு. காசு மட்டும் ஒரு வருடம் கூடப் போகும், ஏனென்றால் "கீழ் வகுப்பில் இருக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள்.

நான் வைத்திருப்போம் என்கிறேன், அவர் அனுப்புவோம் என்கிறார். என்ன செய்வது?

இரண்டு பேரும் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று தனித்தனியே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் பார்த்த வரையில் தாயின் தாளில் "அழுவான், அடி வாங்குவான், சாப்பிட மாட்டான்" என்று இருக்கும். தகப்பனின் தாளில் "அந்த ஸ்கூல் கிடைக்காது" என்று இருக்கும். இருவரும் ஒரே விஷயத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும். தாயின் பயங்களில் பாதிக்கு மருந்து, வீட்டுக்குக் கிட்டிய பாடசாலை. தகப்பனின் பயத்துக்கு மருந்து, இரண்டாவது தெரிவாக எழுதிய பாடசாலையை ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது. வேனில் முக்கால் மணி நேரம் நித்திரை தூங்கிப் போகும் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பாடசாலையின் பெயர் எவ்வளவு பெரியது என்பது தெரியாது.

வைத்திருப்பது என்று முடிவாகிவிட்டது. அந்த வருடத்தை எப்படிப் போக்குவது?

அதே வகுப்பில், அதே பாட்டை இன்னொரு வருடம் பாட வைக்காதீர்கள். போன வருட நண்பர்கள் வெள்ளைச் சீருடையில் போவதைப் பார்த்துக்கொண்டு அதே குட்டிக் கதிரையில் இருப்பது பிள்ளைக்கு விளங்கும். முடிந்தால் முன்பள்ளியை மாற்றுங்கள். நீச்சல், கடற்கரை, அம்மம்மா வீடு, வட்டாரத்துப் பிள்ளைகளோடு மாலையில் விளையாட்டு. ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கு முன்னால் "நீ இன்னும் பெரிய ஆள் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஏடு தொடக்கியாயிற்று, நாள் பார்த்தாயிற்று என்று சொந்தக்காரர் கேட்பார்கள். கேட்கட்டும்.

மிஸ், பெப்ரவரி முதல் வாரம் டியூ. ஜனவரி 30இல் சிசேரியன் எடுத்தால் ஒரு வருடம் மிச்சம்தானே?

சிரிக்காதீர்கள், இதுவரை மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். திகதியை டொக்டரிடம் விடுங்கள் என்றுதான் மூவருக்கும் சொன்னேன். இருவர் கேட்டார்கள். மூன்றாமவர் எப்படியோ ஜனவரி 30இல் பிள்ளையைப் பெற்றெடுத்தார், வட்டிலப்பமும் கொண்டுவந்து தந்தார். நாலரை வருடம் கழித்து, போன ஜூனில், கேற்றடியில் பிந்தி நின்றவர்களில் அவரும் ஒருவர். "மிஸ், இவனை ஒரு வருஷம் வைச்சிருப்பமா?"